காங்கயம் சாலையில் விழுந்த வெள்ளைக்கோழி

பல்லடத்திலிருந்து காங்கயம் போகும் சாலையில் இரண்டு வகைக் கோழிகளைப் பார்க்கலாம். ஒன்று, சாலைக்கு உள்ளே தள்ளி நீள நீளமாக நிற்கும் கொட்டகைகளுக்குள் இருக்கும் கறிக்கோழி. 1990-களில் ஒப்பந்த வளர்ப்பு உடுமலைப் பக்கம் வேர் பிடித்ததிலிருந்து இந்தக் கொட்டகைகள் இல்லாத ஊரே இங்கு இல்லை என்று சொல்லிவிடலாம். இன்னொன்று, சாளை வாசலிலும் மாட்டுக் கட்டுத்தரையிலும் குப்பைமேட்டைக் கிளறித் திரியும் நாட்டுக்கோழி. கொட்டகைக் கோழியின் கணக்கு நிறுவனத்தின் நோட்டில் இருக்கும். வாசல் கோழியின் கணக்கு வீட்டுப் பெண்களின் சுருக்குப்பையில் இருக்கும். பேரன் பேத்திக்குப் பள்ளிக்கூடச் செலவு, கோயில் நோம்பிக்கு ஒரு சேவல், அவசரத்துக்கு நாலு கோழி என்று அந்தப் பணம் யாரிடமும் கேட்காமல் புரளும் பணம்.

காங்கயத்தை நெருங்கினால் நிலத்தின் முகம் மாறிவிடும். கொழுக்கட்டைப் புல், நடுவே வெள்வேல மரங்கள், சுற்றிலும் கிளுவை வேலி. இதுதான் கொரங்காடு. காங்கயம் மாடும் மேச்சேரி ஆடும் இந்த மாதிரி வறண்ட மேய்ச்சலில் நின்று பழகியவை. கிளுவை வேலி ஆடுமாட்டைத் தடுக்கும். கீரியைத் தடுக்காது. சொல்லப்போனால் கீரிக்கும் காட்டுப்பூனைக்கும் உடும்புக்கும் அந்த வேலிதான் வீடு. வேலி ஓரத்துத் தோட்டத்தில் கோழி வளர்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டுதான் வளர்க்க வேண்டும்.

அப்படி ஒரு தோட்டம், சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில். ஒரு கிணறு, கொஞ்சம் தென்னை, மூன்று ஏக்கர் கொரங்காடு. கோழிகளைப் பார்த்துக்கொள்வது அறுபதைத் தாண்டிய அம்மாயி. கோடை விடுமுறைக்கு வந்திருந்த மகள்வயிற்றுப் பேரன் ஒரு நாள் வெடியால பால் ஊற்றப் போனவன், சாலையோரத்தில் கிடந்த ஒரு வெள்ளைக்கோழியைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தான்.

"ஏங் கண்ணு, இத எதுக்குத் தூக்கியாந்த? பண்ணைக்கோழி, தங்காது."

"உசுரோடதானுங் அம்மாயி இருக்குது. லாரியில இருந்து விழுந்துருக்கும்போல."

அவன் சொன்னது சரியாகத்தான் இருக்க வேண்டும். நாமக்கல்லில் கூண்டில் இருக்கும் முட்டைக்கோழி பதினெட்டு, இருபது வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். எழுபது, எண்பது வாரம் ஆனபின் முட்டை குறையும்போது கழித்துக் கறிக்கு அனுப்புவார்கள். கரூர், காங்கயம், பல்லடம், கோவை என்று கேரளத்துக்குப் போகும் வழி இதுதான். கூடை உடைந்தாலோ கதவு சரியாகப் பூட்டாமல் போனாலோ ஒன்றிரண்டு சாலையில் விழும்.

அந்தக் கோழியைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் அதன் முழுக்கதையும் தெரியும். ஒன்றையொன்று கொத்தாமலிருக்க அலகு நுனி வெட்டப்பட்டிருக்கும். கம்பிக் கூண்டில் நின்றே இருந்ததால் நகம் நீண்டு வளைந்திருக்கும். முந்நூறு முட்டைக்குப் பக்கமாக ஓடு கட்டிக் கொடுத்த உடம்பில் சுண்ணாம்புச் சத்து குறைந்து காலில் வலுவிருக்காது. கழுத்தில் இறகு தேய்ந்திருக்கும். மண்ணையும் வெயிலையும் அது பார்த்ததே இல்லை.

பேரன் முதலில் செய்த வேலை கம்பைத் தூவியது. அதைக் கோழி தொடவில்லை. அடிபட்டு வெயிலில் கிடந்த கோழிக்கு முதல் தேவை தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு சிறு துண்டு வெல்லமும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து, வாயைத் திறந்து ஊற்றாமல், அலகு நனையும்படி கிண்ணத்தைக் காட்ட வேண்டும். வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும். அட்டைப்பெட்டியில் வைக்கோல் போட்டு, அரை இருட்டில், சத்தமில்லாத மூலையில் ஒரு நாள் விட்டால் பாதி அதிர்ச்சி அடங்கும். அலகு வெட்டிய கோழி தரையில் தூவிய தானியத்தைப் பொறுக்கத் திணறும். ஆழமான கிண்ணத்தில் தீவனத்தைக் கொஞ்சம் ஈரமாக்கி வைத்தால் அள்ளித் தின்னும். கூண்டுத் தீவனம் தின்று பழகியதற்கு முதல் வாரம் முட்டைக்கோழித் தீவனமே நல்லது. கம்பும் சோளமும் அப்புறம் சிறிது சிறிதாக. தனிக் கிண்ணத்தில் கிளிஞ்சல் தூள்.

தொடையில் இருந்த காயத்தை உப்பு போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் கழுவி, வேப்பெண்ணெயில் குழைத்த மஞ்சளை அம்மாயி தடவினார். கோடையில் காயத்தைத் திறந்து விட்டால் ஒரே நாளில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். ஆழமான காயம், தொங்கும் இறக்கை, உடைந்த கால் என்றால் கைமருந்தில் நேரத்தைப் போக்காமல் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோவதே சரி.

அம்மாயி கறாராக இருந்தது ஒரு விஷயத்தில். பெட்டியைத் தன் கோழிகள் இருக்கும் பக்கம் கொண்டுவரவே விடவில்லை. எங்கிருந்தோ வந்த கோழி வெள்ளைக்கழிச்சலைக் கொண்டுவந்துவிட்டால் வாசலே காலியாகிவிடும். இரண்டு மூன்று வாரம் தனியாக, தனித் தண்ணீர்க் கிண்ணத்தில், வீட்டுக் கோழிகளுக்குத் தீனி வைத்த பிறகு கடைசியாகத்தான் அதனிடம் போக வேண்டும். வாசல் கோழிகளுக்கு ஏழாம் நாள் சொட்டும் எட்டாம் வாரம் ஊசியும் போட்டிருந்தால் பயம் பாதி குறையும். பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் இருவார முகாமைத் தவறவிட்டவர்கள் பக்கத்து மருந்தகத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாம் வாரம் வெள்ளைக்கோழி வாசலுக்கு வந்தது. சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. நாட்டுக்கோழி வல்லூறின் நிழல் விழுந்ததும் குரல் கொடுத்துக்கொண்டு புதருக்குள் பாயும். இது நடுவாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. வெள்ளை நிறம் வேறு, தூரத்திலேயே தெரியும். பொழுதோட மற்றவை தானாகக் கூண்டு ஏறும்போது இது தென்னை அடியில் உட்கார்ந்துவிடும். தினமும் தூக்கிவந்து உள்ளே விடுவது பேரனின் வேலையானது.

ஒரு நாள் ராத்திரி கூண்டில் கூச்சல். டார்ச் அடித்துப் போவதற்குள் அடங்கிவிட்டது. இரண்டு விடைக்கோழி தலையும் கழுத்தும் தின்னப்பட்டு உள்ளேயே கிடந்தன. வெள்ளைக்கோழி ஒரு மூலையில் ஒடுங்கி நின்றது. காலையில் அம்மாயியின் மகன் நேராகப் பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி வீட்டு நாயின்மேல் பழியைப் போட்டார். ஏற்கெனவே தடத்துத் தகராறு உண்டு. வார்த்தை தடித்தது. அடுத்த பேச்சு, முட்டையில் குருணை மருந்து வைத்துப் போடுவது.

செத்த கோழியைப் பார்த்தால் வந்தது யார் என்று ஓரளவு சொல்லிவிடலாம். நாய் என்றால் கதவோ வலையோ பிய்ந்திருக்கும். கிடைத்ததையெல்லாம் கடித்துக் குதறிவிட்டு, பெரும்பாலும் தின்னாமல் போட்டுவிட்டுப் போகும். கீரி பகலில் வருவது. குஞ்சும் முட்டையும் அதன் குறி. காட்டுப்பூனை கோழியைத் தூக்கிக்கொண்டு போய்விடும், வேலி வரைக்கும் இறகு சிந்தியிருக்கும். இறகுகூடச் சிந்தாமல் குஞ்சோ முட்டையோ குறைந்தால் சாரைப்பாம்பை நினைக்கலாம். குஞ்சின் காலைக் கடித்து வளைக்குள் இழுக்கப் பார்ப்பது பெருச்சாளி. கதவு பூட்டியபடி இருக்க, ராத்திரியில், கையளவு சந்தில் நுழைந்து தலை கழுத்தைத் தின்பது மரநாயின் வேலையாக இருக்கவே அதிக வாய்ப்பு. அம்மாயியின் கூண்டில் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே அப்படி ஒரு சந்து இருந்தது. அங்கே சுவரில் மண் கால்தடம், நீளமாக ஒரு கீறல். நாய் அவ்வளவு உயரம் ஏறி அந்தச் சந்தில் நுழையாது. மகன் அதைப் பார்த்த பிறகு பங்காளி வீட்டுப் பக்கம் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

விஷம் வைப்பதைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். கீரி, மரநாய், காட்டுப்பூனை, வல்லூறு எல்லாமே 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. கொன்றால் வழக்கு. வேலியில் மின்சாரம் விடுவது அதைவிட மோசம், மனிதரே செத்திருக்கிறார்கள். சட்டத்தை விடுங்கள், மருந்து வைத்த முட்டையை முதலில் எடுப்பது பெரும்பாலும் வீட்டு நாயோ காக்கையோதான். கீரியை ஒழித்துவிட்டு, களத்தில் எலி பெருகி, எலிக்குப் பின்னால் பாம்பு வந்த கதை கொங்குக் கிராமங்களில் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கூண்டைச் சரிசெய்யப் பெரிய செலவு ஆகவில்லை. கடையில் கோழிவலை என்று விற்கும் அறுகோண வலை கோழியை உள்ளே நிறுத்தத்தான் உதவும், நாய் அதைப் பல்லால் பிய்த்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள பற்றவைத்த கம்பி வலைதான் தேவை. ஓட்டுக்குக் கீழ் இருந்த சந்து முழுக்க அதை அடித்தார்கள். காற்று வரும், மரநாய் வராது. தரையோரம் ஒரு அடி ஆழம் பறித்து வலையை இறக்கி, வெளிப்பக்கமாக மடித்து மண் தள்ளி, மேலே கல் பாவினார்கள். தோண்டிக்கொண்டு வருவது வலையில் முட்டித் திரும்பிவிடும். கதவுக்கு ஒரு கொண்டி போதாது, மேலும் கீழும் இரண்டு. புதிதாகக் கூண்டு கட்டுபவர்கள் கல்காலில் இரண்டு மூன்று அடி உயர்த்திக் கட்டினால் ஈரமும் தங்காது.

பகலுக்கு வேறு ஏற்பாடு. குஞ்சுகளை முதல் மூன்று நான்கு வாரம் கொடாப்பிலோ பஞ்சாரத்திலோ கவிழ்த்து வைத்து, ஆள் இருக்கும்போது மட்டும் தாயோடு வெளியே விடுவது பழைய வழி. அதைவிட நல்ல வழி இன்னும் வரவில்லை. வாசலில் இரண்டு மூன்று இடத்தில் வெள்வேல முள்ளைக் குவித்து, அடியில் குஞ்சு நுழைய இடம் விட்டால் வல்லூறு இறங்கினாலும் தப்பிக்கும். பழைய சி.டி. தகடு கட்டித் தொங்கவிடுவது நாலு நாளைக்குப் பலிக்கும், பிறகு வல்லூறு பழகிக்கொள்ளும். இரண்டு கினிக்கோழி இருந்தால் அந்நியம் எது வந்தாலும் ஊரைக் கூட்டும். காது கொடுத்துப் பொறுக்க முடிந்தவர்கள் வளர்க்கலாம்.

லாபக் கணக்கு போட்டால் வெள்ளைக்கோழிக்குச் செலவான தீவனத்துக்கு அது ஈடு கொடுக்காது. வாரத்துக்கு இரண்டு மூன்று முட்டை, அதையும் மாட்டுத் தொட்டியில் இட்டு வைக்கும். அடையும் உட்காராது. தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து அந்தக் குணத்தைக் குறைத்துவிட்டார்கள். ஆனால் வாசலில் சேவல் இருப்பதால் முட்டை கருக்கூடி இருக்கலாம் என்று அம்மாயி அதில் மூன்றை எடுத்து, அடையில் இருந்த கருங்கோழியின் கீழே வைத்தார். சுவரில் கரியால் ஒரு கோடு போட்டு, இருபத்தொரு நாளைக்கு எண்ணச் சொன்னார் பேரனிடம். அவன் ஊருக்குப் போகப் பத்தொன்பது நாள்தான் இருந்தது.

மிச்சமான கம்பி வலை இரண்டு அடி அகலத்தில் சுருட்டிக் கட்டுத்தரையில் கிடந்தது. ஒரு பொழுதோட பங்காளி வேலிக்கு அந்தப்பக்கம் நின்று கேட்டார்.

"ஏனுங் மாப்ள, அந்த வலை உங்களுக்கு வேணுமுங்களா? நம்மூட்டுக் கூண்டுலயும் ஓட்டுக்குக் கீழ சந்து இருக்குதுங்."

மகன் ஒன்றும் சொல்லாமல் வலைச்சுருளை எடுத்து வேலிமேல் வைத்தார்.