சாவும் சராசரியும்

தமிழாசிரியராகிய எமக்கும் எண்களுக்கும் உறவு குறைவு. சென்ற தவணையில் சுகாதார ஆசிரியர் விடுமுறையில் நின்றமையால் அப்பாடம் எம் தலையில் விழுந்தது. 1946ஆம் ஆண்டில் இலங்கையிற் பிறந்த ஆணுக்கு எதிர்பார்க்கப்பட்ட ஆயுள் 43.9 ஆண்டு, பெண்ணுக்கு 41.6 ஆண்டு என்று கரும்பலகையில் எழுதினோம். "அப்ப அந்தக் காலத்தில அப்பாச்சிமாரே இருந்திருக்க மாட்டினமே, சேர்?" என்றாள் ஒரு மாணவி. வகுப்புச் சிரித்தது. நாம் சிரிக்கவில்லை, எமது அப்பாச்சியை நினைத்துக்கொண்டோம்.

வன்னிக் கிராமமொன்றிலே அவருடன் பிறந்தோர் அறுவர். எழுவருள் நால்வரை ஐந்து வயதுக்குள்ளேயே காய்ச்சல் கொண்டுபோயிற்று. எஞ்சிய மூவரும் எண்பதைத் தாண்டி வாழ்ந்தனர். எழுவரின் வயதையும் கூட்டிப் பகுத்தால் நாற்பதுகூட வராது. ஆனால் அவ்வீட்டில் நாற்பதை அண்டிய வயதில் இறந்தவர் ஒருவருமிலர்! அந்த எண்ணைத் தாழ்த்தியது குழந்தைகளின் சாவேயாகும். 1946இல் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 141 குழந்தைகள் முதலாண்டு நிறையுமுன் இறந்தன.

காய்ச்சல் வன்னியோடு நிற்கவில்லை. 1934இல் மழை பொய்த்தது. களனி கங்கையும் மகா ஓயாவும் வற்றித் தேங்கிய குட்டைகளில் நுளம்பு பெருகிற்று. மலேரியாவுக்குப் பழகாத கேகாலைப் பகுதி மக்களே பெரிதும் மாண்டனர். 1934-35 கொள்ளைநோயில் இறந்தோர் ஏறத்தாழ 80,000 பேர். நுளம்பு மாத்திரமா கொன்றது? பசியால் ஏற்கெனவே மெலிந்திருந்தவர்களையே அது எளிதில் வீழ்த்தியது. சூரியமல் இயக்கத்தார் மருந்தோடு உணவையும் சுமந்து சென்றமைக்குக் காரணம் அதுவே. பருப்புப் பகிர்ந்த என். எம். பெரேராவைக் கிராமத்தவர் 'பருப்பு மாத்தையா' என்றே அழைத்தனர்.

பின்னர் டி.டி.ரி. வந்தது. 1947இல் ஆணின் ஆயுள் 52.7, பெண்ணின் ஆயுள் 51.0. ஒரே ஆண்டில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள்! இதனை மருந்துத்தூளின் அற்புதமென்று மட்டும் சொல்லிவிடுவது வழக்கம். மலேரியா அரிதாயிருந்த மாவட்டங்களிலும் சாவு குறைந்ததென்பதை அவ்வாறு சொல்வோர் மறந்துவிடுகின்றனர். கிராமத்து வைத்தியசாலைக்கும் பயிற்சி பெற்ற மருத்துவிச்சிக்கும் பங்கீட்டு அரிசிக்கும் அதில் பங்குண்டு. பெண்ணின் ஆயுள் ஆணைவிடக் குறைவாயிருந்ததையும் கவனிக்க வேண்டும். பிரசவ அறை கொன்ற தாய்மாரின் கணக்கு அதிலே பெரும்பங்கு. அச்சாவு குறையக் குறைய, 1967இல் பெண் 66.9, ஆண் 64.8 என நிலை மாறிற்று. ஆயினும் இந்த ஏற்றம் மலையகத் தோட்ட லயங்களுக்கு ஒருபோலச் சென்றடையவில்லை; 1974இன் உணவுத் தட்டுப்பாட்டில் அங்கு சாவு மறுபடி உயர்ந்தது. போர் தின்ற இளைஞரின் கணக்கு வேறு. அதனைத் தனியே எழுதவேண்டும்.

2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இன்று எம்மவரை மிகுதியாகக் கொல்வன மாரடைப்பு, நீரிழிவு, புற்றுநோய் முதலியன. குழந்தையொன்றைக் காத்தால் சராசரிக்கு எழுபது ஆண்டு சேரும். ஐம்பது கடந்தவரைக் காத்தால் இருபதோ இருபத்தைந்தோதான். ஆகவே ஏற்றம் மெதுவாகவே நிகழும். வீடுவீடாக மருந்தடித்து இரத்த அழுத்தத்தை ஒழித்துவிட முடியாது. நாள் தவறாமல் குளிகை வேண்டும். மாதந்தோறும் கிளினிக் வரிசை வேண்டும். நாட்கூலிக்கு அந்த வரிசை ஒருநாட் சம்பளம்.

எமது தந்தையார் 2012 மார்கழியில், 54ஆம் வயதில், வயல் வரம்பிலே சரிந்தார். நெஞ்சுவலியென்று ஒருவரும் முன்னர் அறிந்திருக்கவில்லை. நான்கு சகோதரரைக் காய்ச்சலுக்குக் கொடுத்த அப்பாச்சி, மகனின் தலைமாட்டிலிருந்து, "காய்ச்சலெண்டா நான் கண்டுபிடிச்சிருப்பன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எட்டுச் செலவு முடிந்தபின் அலுமாரியில் தந்தையாரின் கிளினிக் கொப்பி அகப்பட்டது. கடைசிப் பதிவு பதினொரு மாதங்களுக்கு முந்தியது. அடுத்து வரவேண்டிய திகதி மாசியில், அரிவுவெட்டு நாளொன்றில் குறிக்கப்பட்டிருந்தது.