ஹாரன் எந்தப் பக்கம்?

என் வலது காது இரண்டு வருஷத்துக்கு முன் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டது. ஒரு காலையில் எழுந்தேன், கேட்கவில்லை. அவ்வளவுதான். 'இடது காது பிரமாதமா இருக்கு சார், அதுவே போதும்' என்றார் டாக்டர்.

போதவில்லை என்று தெரிந்தது கே.கே. நகர் முனுசாமி சாலையில். காபிப் பொடி வாங்கிவிட்டு ரோட்டைக் கடக்கிறேன். ஹாரன் சத்தம். இடது பக்கம் பார்த்தேன், யாருமில்லை. தைரியமாக ஓர் அடி வைத்தேன். ஆட்டோ வலது பக்கத்திலிருந்து வந்து என் வேட்டி நுனியை உரசிக்கொண்டு நின்றது. டிரைவர் சென்னையின் பாரம்பரியக் கேள்வியைக் கேட்டார்: 'வூட்ல சொல்லிட்டு வந்தியா பெருசு?'

ஹாரன் நன்றாகவே கேட்டது. எந்தப் பக்கம் என்பதுதான் தெரியவில்லை. பக்கத்தைச் சொல்வது காது அல்ல, காதுகள். வலப்பக்கச் சத்தம் வலது காதுக்கு ஒரு துளி முன்னால் போய்ச் சேரும். அதிகபட்சம் ஒரு செகண்டில் 1,500ல் ஒரு பங்குதான் வித்தியாசம். மூளை அதை வைத்துக்கொண்டு 'வலது பக்கம், ஓடு' என்கிறது. ஒரு காது மட்டும் இருந்தால் ஒப்பிட ஆளில்லை.

இதை உங்களிடம் சொல்லக் காரணம், போன மாதம் இதே வியாதியை ஒரு காரிடம் பார்த்தேன்.

என் அக்கா பையன் ஒரகடம் பக்கம் கார் சம்பந்தப்பட்ட கம்பெனியில் இன்ஜினீயர். புதுக் கார் வாங்கி, 'வாங்க மாமா, ஒரு ரவுண்டு' என்று அழைத்துப்போனான். எதிரே ஆபத்து என்றால் தானே பிரேக் போடும் வகைக் கார். கம்பெனி பெயர் வேண்டாம். 100 அடி ரோட்டில் எங்களுக்கு முன்னால் காலி. இடது ஓரத்தில் ஒரு தண்ணி லாரி நின்றுகொண்டிருந்தது. திடீரென்று கார் 'பீப் பீப்' என்று அலறி, தானே பிரேக்கை ஒரு தட்டு தட்டியது. பின்னால் வந்த பைக்காரர் எங்களை இடிக்காமல் விட்டது அவருடைய பெருந்தன்மை.

'லாரி நம்ம வழியில நிக்குதுன்னு நினைச்சிருக்கும் மாமா.'

'உன் காருக்கும் ஒரே காதுதானா?'

'நாலு காது இருக்கு மாமா. பத்தலை.'

வீட்டுக்கு வந்து டிபன் சாப்பிட்டுக்கொண்டே விளக்கினான். காரின் முன்பக்கம், பம்பருக்குப் பின்னால், ஒரு சின்ன ராடார் பெட்டி. 77 கிகாஹெர்ட்ஸ். அலையின் நீளம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் 1990களின் கடைசியிலேயே வந்த சமாச்சாரம். இந்தியாவில் 76-77 கிகாஹெர்ட்ஸுக்கு 2015ல் லைசென்ஸ் விலக்கு கொடுத்தார்கள். செங்கல்பட்டு அருகே மஹிந்திராவின் ஆராய்ச்சி மையத்தில் உருவான எக்ஸ்யூவி 700, 2021ல் ராடாரும் காமிராவுமாக வந்தது.

தூரத்தை எப்படி அளக்கிறது? 30 மீட்டர் போய்த் திரும்ப அலைக்கு ஒரு செகண்டில் 50 லட்சத்தில் ஒரு பங்கு நேரம்தான் ஆகிறது. இதை ஸ்டாப்வாட்ச் வைத்து அளக்க வேண்டாம். பாட்டு கற்றுக்கொண்டவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ராடார் 'ஸ'விலிருந்து மேல் நோக்கி ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டே போகிறது. இது 'க'வுக்கு வந்திருக்கும்போது, திரும்பி வரும் எதிரொலி இன்னும் 'ரி'யில் இருக்கிறது. அந்தச் சுருதி வித்தியாசம்தான் தூரம். வித்தியாசம் அதிகமென்றால் லாரி தள்ளி நிற்கிறது. இழுப்பு ஒரு கிகாஹெர்ட்ஸ் அகலம் இருந்தால், ஒன்றன்பின் ஒன்றாக 15 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு பொருள்களைக்கூடப் பிரித்துவிடலாம்.

ஆக, 'எவ்வளவு தூரம்' என்பதில் ராடார் புலி. 'எந்தப் பக்கம்' என்றால் திணறுகிறது. சாதாரணப் பெட்டியில் அனுப்புகிற ஆன்டெனா 3, வாங்குகிற ஆன்டெனா 4. ஒரு கணக்கு வித்தையால் 12 காதுகளுக்குச் சமமாக்குகிறார்கள். அப்போதும் ஏறக்குறைய 10 டிகிரிக்குள் இருப்பதெல்லாம் ஒன்றாகக் குழம்பிவிடும். 30 மீட்டரில் இது 5 மீட்டர் அகலம். நம் ஊரில் 5 மீட்டருக்குள் ஒரு ஆட்டோ, இரண்டு பைக், ஒரு தள்ளுவண்டி, ஒரு மாடு அடக்கம். நடுவில் ஒரு குழந்தை நின்றால்? லாரியின் இரும்பிலிருந்து வரும் பலமான எதிரொலியில் அதன் சன்னமான எதிரொலி அமுங்கிப் போகலாம். தூரம் துல்லியம்தான். யாருடைய தூரம் என்பதுதான் கேள்வி.

'வழி?'

'காதைக் கூட்டணும் மாமா.'

இது புது யோசனையில்லை. திருப்பதி பக்கத்தில் காதங்கி என்று ஓர் ஊர். பெயரிலேயே காது இருக்கிறது. அங்கே 1990களின் தொடக்கத்திலிருந்து, மேல் வானத்துக் காற்றை ஆராய ஒரு ராடார் இருக்கிறது. 130 மீட்டருக்கு 130 மீட்டர் மைதானத்தில், 32க்கு 32 என்று வரிசையாக 1,024 ஜோடி யாகி ஆன்டெனாக்கள். பழைய டி.வி. ஆன்டெனாவின் உறவுக்காரர்கள். ஒன்றுகூடத் திரும்பாது, அசையாது. ஆனால் ராடார் பார்க்கும் திசை மாறும். எப்படி? ஒவ்வோர் ஆன்டெனாவுக்கும் போகும் அலையைக் கொஞ்சம் கொஞ்சம் தாமதப்படுத்துகிறார்கள். தேர் வடம் பிடிப்பது போலத்தான். எல்லோரும் ஒரே தாளத்தில் இழுத்தால் தேர் நகரும், ஆளுக்கொரு தாளத்தில் இழுத்தால் நகராது. வேண்டிய திசையில் அலைகள் ஒன்றுகூடும்படியும் மற்றத் திசைகளில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்படியும் தாளம் போட்டுக் கொடுப்பதற்குப் பெயர் பீம்ஃபார்மிங்.

காதங்கியில் அலையின் நீளம் ஐந்தரை மீட்டருக்கு மேல். கார் ராடாரில் 4 மில்லிமீட்டர். அந்த விகிதத்தில் சுருக்கினால், அத்தனை பெரிய மைதானமும் 9 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் அடங்கிவிடும். உள்ளங்கை அளவு! காரில், வாங்கிய அலைகளை கம்ப்யூட்டரே தாமதப்படுத்திக் கூட்டி, எல்லாத் திசைகளையும் ஒரே சமயத்தில் பார்த்துவிடுகிறது. கஷ்டம் தாளத்தில். பக்கத்துப் பக்கத்து ஆன்டெனாவுக்குள் தாமதம், ஒரு செகண்டை லட்சம் கோடியாகப் பங்கு போட்டால் அதில் ஆறோ ஏழோ.

இப்போது நாலு சில்லுகளைச் சேர்த்து 12 அனுப்பி, 16 வாங்கி, 192 காது ஆக்கியிருக்கிறார்கள். அத்தனையும் ஒரே வரிசையில் நின்றால், 30 மீட்டரில் குழப்பம் சுமார் 30 சென்டிமீட்டருக்குக் குறைந்துவிடும். குழந்தை வேறு, லாரி வேறு. ஆனால் சிலதை மேலும் கீழும் அடுக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் அசோக் நகரில் தலைக்கு மேல் போகும் மெட்ரோ பாலத்தைப் பார்த்தும் கார் பயந்துகொள்ளும்.

'அதுவரைக்கும்?' என்றேன்.

'அதுவரைக்கும் என் கால் பிரேக் மேலதான் மாமா.'

அவனுக்குக் கால் இருக்கிறது. எனக்கு? ஒரே ஆன்டெனா வைத்திருந்த அந்தக் கால ராடார் என்ன செய்தது? சுற்றியது. கப்பல்களில் இன்னும் சுற்றுகிறது. நானும் அதைத்தான் செய்கிறேன். ஹாரன் கேட்டால் அடி எடுத்து வைப்பதில்லை. நின்று, தலையை இடமும் வலமும் மெதுவாகத் திருப்பி, சத்தம் எந்தப் பக்கம் கூடுகிறது என்று பார்க்கிறேன். இரண்டு மூன்று செகண்டு ஆகிறது.

முனுசாமி சாலை ஓரத்தில் காபிப் பொடிப் பொட்டலத்துடன் ஒரு பெரியவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், தயவுசெய்து இன்னொரு தடவை ஹாரன் அடிக்காதீர்கள். அவர் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறார். ஸ்கேன் பண்ணிக்கொண்டிருக்கிறார்.