பாரம் நமக்கு, ஸ்பேனர் யாருக்கு?

“இன்ஜின் வெயிட்டும்மா, பொம்பளைங்களால ஆகாது.” என் மாருதி 800-இன் இன்ஜினை வீட்டு வாசலிலேயே மாற்றப்போகிறேன் என்றபோது ஏறக்குறைய எல்லோரும் சொன்னது இதுதான். வேலை தெரியுமா, பணம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

கார் 1998ஆம் வருட மாடல். மூன்று சிலிண்டர், 796 சிசி, கார்புரேட்டர் வைத்தது. பழைய வண்டியாக, என் சம்பளத்தில் வாங்கியது. எங்கள் வீட்டில் மனைப் பத்திரம் மாமனார் பெயரில், காஸ் இணைப்பு கணவர் பெயரில். என் பெயரில் இருக்கும் ஒரே சொத்து ஆவணம் இந்தக் காரின் ஆர்.சி. இத்தனை வருடம் ஓடியதில் பிஸ்டன் ரிங் தேய்ந்து, ஆயிலைக் குடித்து நீலப் புகை விட ஆரம்பித்திருந்தது. பட்டறையில் நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் மெக்கானிக் என் கணவரைப் பார்த்தே பதில் சொன்னார். கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. “ஸ்கிராப்புக்குப் போட்டுடுங்க சார்” என்று அவரிடமே தீர்ப்பும் வந்தது.

சென்னைப் புதுப்பேட்டையில் அதே மாடல் இன்ஜின் ஒன்று கிடைத்தது. கையால் சுற்றிப் பார்த்து, ஆயில் மூடியைத் திறந்து உள்ளே சேறு இல்லை என்று பார்த்துத்தான் வாங்கினேன். பில்லும், அது எந்த வண்டியில் இருந்தது என்பதற்கான தாளும் கேட்டு வாங்கினேன். ஆர்.சி.யில் இன்ஜின் எண் இருக்கிறது. இன்ஜின் மாறினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதையும் மாற்ற வேண்டும்.

முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றினேன். ஆயிலையும் ரேடியேட்டர் தண்ணீரையும் வடித்தேன். பிறகு பானெட், ரேடியேட்டர், கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், வயர்கள். ஒவ்வொரு வயரிலும் பிளாஸ்திரி ஒட்டி எண் எழுதினேன். போல்ட்டுகள் கழற்றிய வரிசையிலேயே பழைய இட்லித் தட்டின் குழிகளில் உட்கார்ந்தன. சைலன்சர் குழாயின் நட்டுகள் துருப்பிடித்து அசையவில்லை. ஸ்பேனர் பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கியதும் கழன்றன. அதே கைதான், பிடி நீண்டால் விசை கூடுகிறது.

போர்வெல் மோட்டார் தூக்கும் இரும்பு முக்காலியையும் செயின் பிளாக்கையும் வாடகைக்கு எடுத்தேன். பல அடி சங்கிலியை இழுத்தால் இன்ஜின் சில அங்குலம் மேலே வருகிறது. கிணற்றில் தண்ணீர் இறைத்த கைக்கு அது பெரிய வேலை இல்லை. பட்டறையில் ஆண்களும் இன்ஜினைக் கையால் தூக்குவதில்லை, சங்கிலிதான் தூக்குகிறது. இதை மட்டும் யாரும் நமக்குச் சொல்வதில்லை.

தொங்கும் இன்ஜின் ஆடாமல் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டவர் எதிர்வீட்டு அக்கா. இருபது வருடமாகக் கட்டட வேலையில் சித்தாள். “இதுக்கா ஆகாதுன்னாங்க? இதைவிட எத்தனையோ மடங்கு தினம் மாடிக்கு ஏத்துறேனே” என்றார். கலவைச் சட்டியை அவர் தலையில் ஏற்றும்போது பெண்ணால் ஆகுமா என்று யாரும் கேட்டதில்லை. கொத்துக்கரண்டியை அவர் கையில் கொடுத்ததும் இல்லை. கொத்தனார் கூலி வேறு, சித்தாள் கூலி வேறு. பாரம் சுமக்கப் பெண்ணுக்குப் பலம் இருக்கிறது. கருவி பிடித்துக் கூடுதல் கூலி வாங்கும் இடத்தில் மட்டும் அது இல்லாமல் போய்விடுகிறது.

உண்மையில் எனக்குப் போதாதது நேரம். புது இன்ஜினை கியர் பாக்ஸோடு சேர்க்கும்போது கிளட்ச் பிளேட் சரியாக நடுவில் நிற்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் ஷாஃப்ட் உள்ளே போகாது. பலத்தைக் காட்டினால் பிளேட்தான் கெடும். பொறுமையாகப் பார்த்துப் பொருத்த வேண்டும். நானோ நடுவில் எழுந்து, சோப்புத்தூள் போட்டுக் கிரீஸைக் கழுவி, தோசை வார்த்துவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காருக்கடியில் படுத்திருக்கும் ஆணுக்கு அங்கேயே டீ வரும். வேலை பதினோரு நாள் இழுத்தது. அதில் இன்ஜினுக்குச் செலவான நேரத்தைக் கூட்டினால் மூன்று நாள்கூடத் தேறாது.

பெண்ணும் மெக்கானிக் வேலையும் புதிதாகச் சேர்ந்தவை அல்ல. 1888இல் ஜெர்மனியில் பெர்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, சுமார் நூறு கிலோமீட்டர், காரில் போனார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். கணவரின் தொழிலுக்கு முதலாகப் போனதில் அவருடைய சீதனப் பணமும் உண்டு. கம்பெனிக்குக் கணவர் பெயர்.

பன்னிரண்டாம் நாள் சாவியைத் திருப்பினேன். மூன்றாவது முறை இன்ஜின் பிடித்தது. புகை இல்லை. ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கான தாள்கள் தயாராக இருக்கின்றன. இன்ஜின் எண் மாறும், உரிமையாளர் பெயர் அப்படியே இருக்கும்.

அக்கா இப்போது பத்து, பன்னிரண்டு, பதினான்கு என்று ஸ்பேனர்களைப் பார்த்தவுடன் அளவு சொல்கிறார். வரும் ஞாயிறு தன் மொபெட்டின் கார்புரேட்டரை அவரே கழற்றிச் சுத்தம் செய்யப்போகிறார். டீ நான் கொண்டுபோவதாகச் சொல்லியிருக்கிறேன்.