துணி சரி, காகிதம் தப்பு

எங்கள் பி.காம். பாடத்திட்டத்தில் 'ஏற்றுமதி ஆவணங்கள்' என்று ஒரு பகுதி உண்டு. அடிக்கடி எட்டு மதிப்பெண் கேள்வியாக வரும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங், சர்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜின்... வரிசையாக ஒப்பித்துவிட்டு வந்துவிடுவோம். நானும் அப்படித்தான் மதிப்பெண் வாங்கினேன். ஆனால் இந்தக் காகிதங்கள் என்ன வேலை செய்கின்றன என்று புரிந்தது, திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் 45 நாள் பயிற்சிக்குப் போனபோதுதான்.

என்னை டாகுமெண்டேஷன் பிரிவில் உட்கார வைத்தார்கள். அங்கே இருபது வருடமாக இருக்கும் ஓர் அண்ணன் முதல் நாளே சொன்னார்: "தம்பி, பேங்க்காரங்க துணியப் பாக்கறதில்லைங்க. பேப்பரத்தான் பாப்பாங்க." சும்மா வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அரசாங்கப் பக்கம் இப்போது அவ்வளவு பயமில்லை. இந்தியாவிலிருந்து சரக்கு வெளியே போக என்னென்ன கட்டாயம் என்பதை 2015 மார்ச்சில் மூன்றாகக் குறைத்துவிட்டார்கள்: பேக்கிங் லிஸ்ட்டும் சேர்ந்த இன்வாய்ஸ், ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங் (விமானமானால் ஏர்வே பில்). ஷிப்பிங் பில்லைக் கம்ப்யூட்டரிலேயே தாக்கல் செய்யலாம். சுங்கத்துறை 'லெட் எக்ஸ்போர்ட் ஆர்டர்' கொடுத்துவிட்டால் கன்டெய்னர் தூத்துக்குடியில் கப்பல் ஏறிவிடும். வாங்குபவரின் நாடும் அவருடைய வங்கியும் கேட்கும் காகிதங்கள் இவற்றில் சேராது. தலைவலி அங்கேதான்.

பில் ஆஃப் லேடிங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சுருக்கமாக பி.எல். என்பார்கள். சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் கம்பெனி தரும் ரசீது அது. வெறும் ரசீதாக இருந்தால் பரவாயில்லை. 'ஆர்டருக்கு' என்று எழுதிய பி.எல்.லைப் பின்னால் கையெழுத்துப் போட்டு இன்னொருவரிடம் கொடுத்தால், கன்டெய்னரில் உள்ள சரக்கை விடுவிக்கும் உரிமையும் அவரிடம் போய்விடும். அடகுக் கடைச் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சீட்டு யார் கையிலோ நகை அவருக்கு! சரக்கு நடுக்கடலில் இருக்கும்போதே காகிதம் கை மாறலாம். அதனால்தான் வங்கிகள் இதை நம்பிக் கடன் கொடுக்கின்றன.

அடுத்தது லெட்டர் ஆஃப் கிரெடிட், அதாவது எல்.சி. முன்பின் தெரியாத இரண்டு வியாபாரிகள். சரக்கு வராமல் இவர் பணம் தரமாட்டார், பணம் வராமல் அவர் சரக்கு தரமாட்டார். நடுவில் வாங்குபவரின் வங்கி வந்து, "நான் சொல்லும் காகிதங்களை நான் சொல்லும் தேதிக்குள் கொடு, பணம் என் பொறுப்பு" என்கிறது. உலகம் முழுக்க இதற்கு ஒரே விதித் தொகுப்பு: யு.சி.பி. 600. சர்வதேச வர்த்தக சபை போட்டது, 2007 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. மொத்தமே 39 பிரிவுகள். வங்கிகளுக்குக் காகிதங்களோடுதான் வேலை, சரக்கோடு அல்ல என்று ஐந்தாவது பிரிவே சொல்லிவிடுகிறது. அண்ணன் சொன்னது வேடிக்கை இல்லை!

நான் இருந்த நாட்களிலேயே அது நடந்தது. ஐரோப்பாவுக்கு 12,000 டி-ஷர்ட். எல்.சி.யில் '100 சதவீத கோம்டு பருத்தி' என்று இருந்தது. கோம்டு என்றால் குட்டை இழைகளைச் சீவி எடுத்த நூல், விலை கூடுதல். தைத்துப் போனதும் கோம்டு நூலில்தான். ஆனால் இன்வாய்ஸில் '100 சதவீத பருத்தி' என்று மட்டும் அடித்திருந்தார்கள். ஒரே ஒரு சொல் விட்டுப்போயிற்று. நம் ஊர் வங்கியும் கவனிக்காமல் அனுப்பிவிட்டது. மற்ற காகிதங்களில் சரக்கைப் பொதுவாகக் குறிப்பிட்டால் போதும், இன்வாய்ஸில் மட்டும் எல்.சி.யில் உள்ளபடியே வரவேண்டும் என்பது விதி. அந்த வங்கி 'டிஸ்கிரிபன்ஸி' என்று திருப்பிவிட்டது. இன்வாய்ஸைத் திருத்த பத்து நிமிடம் போதும். ஆனால் அதற்குள் எல்.சி. காலாவதியாகிவிட்டது.

அந்தப் பக்கம் சீசன் மந்தம் போலிருக்கிறது. ஆறு சதவீதம் குறைத்தால் காகிதங்களை ஏற்கிறோம் என்று வாங்குபவர் மெயில் அனுப்பினார். கன்டெய்னர் அங்கே துறைமுகத்தில் இறங்கிவிட்டது, நாளுக்கு நாள் வாடகை ஏறுகிறது. முதலாளி ஒத்துக்கொண்டார். திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். அந்தச் சனிக்கிழமை டெய்லர்களுக்குக் கூலி கொடுக்க அவர் வெளியே வட்டிக்கு வாங்கியதாக அக்கவுண்ட்ஸில் பேசிக்கொண்டார்கள். டி-ஷர்ட்டில் ஒரு நூல் கூடப் பிசகில்லை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அதன் பிறகு ஒருவர் எல்.சி.யை வார்த்தை வார்த்தையாக வாசிக்க, இன்னொருவர் இன்வாய்ஸில் விரல் வைத்துக்கொண்டே வருவது என்று வழக்கமாயிற்று. வாசிக்கும் வேலை எனக்கு.

வங்கி செய்தது அநியாயம் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு 1941-இல் நியூயார்க்கில் தீர்ப்பான ஸ்டெய்ன் வழக்கைப் படித்தேன். பிரஷ் செய்யப் பயன்படும் பன்றி மயிரை இந்தியாவிலிருந்து வாங்க அங்குள்ள ஒருவர் எல்.சி. திறந்தார். காகிதங்கள் எல்லாம் பிசகில்லாமல் வந்தன. ஆனால் 50 பெட்டிகளிலும் இருந்தது மாட்டு மயிரும் குப்பையும்தான், வங்கி பணம் கொடுக்கக் கூடாது என்று அவர் நீதிமன்றம் போனார். சரக்கு மட்டம் என்பதற்காக வங்கி பணத்தை நிறுத்த முடியாது, ஆனால் அவர் சொல்வதுபோல் வேண்டுமென்றே செய்த மோசடி என்றால், வங்கி பணம் கொடுக்கும் முன்பே அது தெரிந்துவிட்டால், நிறுத்தலாம் என்றது நீதிமன்றம். எங்கள் கதைக்கு நேர் எதிர்! அங்கே காகிதம் சுத்தம், சரக்கு குப்பை. மோசடிக்குக் கதவைச் சாத்தினார்கள், சரி. நல்ல சரக்கை அனுப்பி ஒரு சொல்லை விட்டவருக்கு அப்படி ஒரு கதவு திறக்கவில்லை. வங்கியில் இருப்பவருக்கு நூலைப் பற்றி என்ன தெரியும், அவர் எழுத்தைத்தானே பார்க்க முடியும் என்கிற நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஆறு சதவீதம் கேட்டவருக்கு நூலைப் பற்றி நன்றாகவே தெரியும்.

விதிகளைப் படித்து வைத்தால் சில இடங்களில் தப்பிக்கலாம். சரக்கை வழியில் வேறு கப்பலுக்கு மாற்றக் கூடாது என்று சில எல்.சி.களில் இருக்கும். எங்கள் பெட்டிகளோ கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறுபவை. ஆனால் பயணம் முழுவதும் ஒரே பி.எல்.லில் இருந்து, சரக்கு கன்டெய்னரில் போவதாகவும் அதில் காட்டியிருந்தால், எல்.சி. தடுத்தாலும் வங்கி ஏற்க வேண்டும் என்கிறது 20-ஆவது பிரிவு. இது எங்கள் பாடப் புத்தகத்தில் இல்லை.

பி.எல். இனி கம்ப்யூட்டரிலேயே போகும் என்கிறார்கள். இங்கிலாந்து 2023-இல் மின்னணு பி.எல்.லுக்குக் காகிதத்துக்குச் சமமான மதிப்பைச் சட்டத்தில் கொடுத்துவிட்டது. நம் நாட்டில் 1856-ஆம் வருடத்துச் சட்டம், சிப்பாய்க் கலகத்துக்கும் முந்தையது, 2025 வரை இருந்தது. அந்த ஆண்டுதான் புதுச் சட்டம் வந்தது. நான் பார்த்தவரை திருப்பூரில் காகிதம்தான். மூன்று அசல் பி.எல்.களும் வங்கிக்குப் போய், அங்கிருந்து இரண்டு கவர்களாக, வேறு வேறு நாளில் கூரியரில் கிளம்பும். ஒரே கவரில் போட்டால் செலவு மிச்சமே என்று கேட்டேன்.

"ஒண்ணு தொலைஞ்சாலும் இன்னொண்ணு போய்ச் சேரோணுமல்லங்க தம்பி" என்றார் அண்ணன்.