நாலு பூச்சுக்கு அடியில் பலா மரம்

கஜா புயல் அடித்த 2018 நவம்பர் 16-க்குப் பிறகு பேராவூரணிப் பக்கத்தில் எல்லோரும் தென்னையைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள். எத்தனை மரம் சாய்ந்தது, எத்தனை குருத்து முறிந்தது, நிவாரணம் எப்போது வரும் என்பதே பேச்சு. வாசல் திண்ணைக்கு மேலிருந்த ஓட்டுச் சாய்ப்பு பறந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு ஏக்கர் தென்னையும் ஒன்றரை ஏக்கர் நஞ்சையும் உள்ள அந்தக் குடும்பத்திலும் அப்படித்தான். கையில் காசு வந்தபோது முதலில் மோட்டாரைச் சரி செய்தார்கள். பிறகு தென்னங்கன்று வைத்தார்கள். பிறகு அடகு நகையைத் திருப்பினார்கள். சாய்ப்பு மூன்று மழைக்காலம் இல்லாமலேயே போனது. திண்ணையின் நான்கு தூண்களும் வாசல் கதவும் அத்தனை மழையையும் நேராக வாங்கின.

தூண்களில் இருந்தது எனாமல் பெயின்ட். வீட்டில் கல்யாணம் நடந்தபோதெல்லாம் பழையதன் மேலேயே புதிதாக ஒரு கோட் அடித்து வந்திருக்கிறார்கள். மேலே காப்பிப்பொடி நிறம், அதற்குக் கீழே ஆகாய நீலம், அதற்கும் கீழே பிஸ்தா பச்சை, கடைசியில் செம்மண் நிற ரெட் ஆக்ஸைடு. வெளியில் வெயிலும் மழையும் படும் மரத்துக்கு இப்படிக் கனமான பூச்சு ஒத்துக்கொள்ளாது. மரம் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். மேலே காய்ந்து இறுகிய தோல் அதோடு சேர்ந்து அசையாமல் வெடிக்கும். வெடிப்பு வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தங்கும். பார்வைக்குத் தூண் பெயின்ட்டோடு நன்றாகத்தான் இருக்கும், உள்ளே உளுத்துக்கொண்டிருக்கும்.

2022 தை மாதம் பேச்சு எழுந்ததே வேறு காரணத்துக்காக. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மூத்த மகன் பொங்கலுக்கு வந்திருந்தார். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். காரைக்குடிப் பக்கத்திலிருந்து பழைய மரச்சாமான் வாங்க வரும் வியாபாரி ஒருவர் நான்கு தூணையும் கதவையும் பார்த்துவிட்டு, "சாதா மரம்தான், பதினெட்டாயிரம் தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"தம்பி, மழையில நனைஞ்சு வீணாப் போறதுக்கு வித்தாலும் ஆளுக்கு ஒன்பதாயிரம் வரும். முன்பக்கம் சிமென்ட் தூண் வச்சுக்கலாம்" என்றார் மூத்தவர். அவர் கேட்டதில் தப்பில்லை. வீடு இன்னும் பாகம் பிரிக்காதது, அவருக்கும் பாதி உண்டு. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். இளையவரோ அண்ணன் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்லிப் பழகாதவர்.

வாயைத் திறந்தது இளைய மருமகள். "மாமா, வித்தாலும் சரி, வச்சாலும் சரி, முதல்ல அந்தப் பெயின்ட்டை எடுத்தாகணும். பாப்பா அதைப் பிச்சு வாயில போடுது."

இரண்டு வயதுக் குழந்தைக்கு உரியும் பெயின்ட் சில்லு ஒரு விளையாட்டு. மேலத் தூணில் கட்டியிருந்த கன்றுக்குட்டியும் அதையேதான் நக்கிக்கொண்டிருந்தது. பழைய பெயின்ட்டுகளில் நிறத்துக்காகவும் சீக்கிரம் காய்வதற்காகவும் ஈயம் சேர்த்தார்கள். வீட்டுக்கு அடிக்கும் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியாவில் விதி வந்தது 2016-ல், நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முன்னால் அடித்த பூச்சு என்றால் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வது நல்லது. சின்னக் குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும். கர்ப்பிணிக்கும் ஆகாது. மாடு கன்றுகளுக்கும் அது விஷம். அங்கன்வாடிக் கூட்டத்தில் கேட்ட ஒரு பேச்சு அந்த மருமகள் மனதில் தங்கியிருந்தது.

அன்றைக்கே கன்று இடம் மாறியது. அடுத்த வாரம் வேலை தொடங்கியது. உள்ளூர் ஆசாரி இரண்டு நாள் மட்டும் கூட நின்றார். மற்றதெல்லாம் கணவனும் மனைவியும் செய்தது.

ஆசாரி முதலில் செய்தது ஸ்க்ரூ டிரைவரால் தூண்களைக் குத்திப் பார்த்ததுதான். மூன்று தூண் கெட்டி. மேலத் தூணின் அடிப்பகுதியில் மட்டும் கம்பி ஒரு விரற்கடை உள்ளே இறங்கியது. கல் பாதத்தில் உட்காரும் வெட்டுமுகம் தண்ணீரை உறிஞ்சும் இடம். மரம் பக்கவாட்டில் குடிப்பதைவிட வெட்டுமுகத்தில் குடிப்பது பல மடங்கு. "இதை அறுத்து ஒட்டுப் போட்டுரலாம் தங்கச்சி, பயப்படாதே" என்றார் ஆசாரி.

பெயின்ட்டை உரிக்க வழிகள் பல உண்டு. சூடு காட்டி உரிப்பது சீக்கிரம் முடியும், ஆனால் ஈயம் கலந்த பூச்சு என்றால் புகையாகவே நெஞ்சுக்குள் போகும். உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூசியாகப் போகும். கடையில் விற்கும் சில ரிமூவர்களின் நெடி மூடிய இடத்தில் ஆளையே சாய்க்கும். ஆசாரி சொன்னது காஸ்டிக் சோடா. தண்ணீரில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளிதான் வேண்டும், அலுமினியப் பாத்திரத்தை அது தின்றுவிடும். நிற்கும் தூணில் வழியாமல் ஒட்டுவதற்காக மரவள்ளி மாவைக் கலந்து கூழாக்கினார்கள். கைக்கு ரப்பர் உறை, கண்ணுக்குக் கண்ணாடி, உடம்பு மூடிய சட்டை. பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர் எப்போதும் இருந்தது. குழந்தையைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் விட்டிருந்தார்கள்.

கூழைப் பூசி அரை மணி நேரம் விட்டால் பூச்சு சுருங்கி எழும்பும். ஈரம் காயாமலே மழுங்கிய தகட்டால் ரேகை ஓடும் திசையிலேயே வழித்து எடுக்க வேண்டும். காப்பி நிறமும் நீலமும் சுலபமாக வந்தன. பச்சையில் கை ஓய்ந்தது. தூணின் தலைப்பில் இருந்த பூவேலையில் மட்டும் இரண்டு நாள் போனது. அங்கே பழைய பல்துலக்கியும் தேங்காய் நாரும் கை கொடுத்தன. கடையில் விற்கும் இரும்பு நார் மட்டும் வேண்டாம். அதன் துணுக்குகள் மரத்தில் தங்கிக் கருப்புப் புள்ளிகளாக மாறும்.

வழித்த கழிவை என்ன செய்வது என்பதில் நம் ஊரில் யாரும் கவனம் வைப்பதில்லை. கீழே தார்ப்பாய் விரித்து, விழுந்ததையெல்லாம் அதிலேயே பிடித்தார்கள். குப்பைக்குழியில் கொட்டினால் அடுத்த வருடம் எருவோடு வயலுக்குப் போகும். கொளுத்தினால் புகையாகும். சாக்கில் கட்டித் தனியாக வைத்தார்கள். கழுவிய தண்ணீர் கிணற்றுப் பக்கமோ மாட்டுத் தொட்டிப் பக்கமோ ஓடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

பூச்சு போனதும் தெரிந்த மரம் பார்க்கச் சகிக்கவில்லை. கருகியது போலக் கறுத்துக் கிடந்தது. பெரியவரே, "இதுக்கா இவ்வளவு பாடு?" என்று கேட்டுவிட்டார். காரம் பட்டால் அநேக மரங்கள் கறுக்கும். அதிலும் துவர்ப்புச் சத்துள்ள மரத்தில் இரும்பு ஆணி, கீல், குமிழ் இருக்கும் இடங்களைச் சுற்றி மை கொட்டியது போலத் திட்டு விழும். கதவில் அப்படித்தான் இருந்தது. பலரும் இந்த இடத்தில்தான் மனம் விட்டு, மறுபடி பெயின்ட்டையே அடித்துவிடுகிறார்கள்.

அதற்கு மருந்து ஆக்ஸாலிக் அமிலம். மொசைக் தரைக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் பயன்படுத்தும் அதே வெள்ளைப் பொடி. புளி போட்டுக் குத்துவிளக்கு துலக்குவது போன்ற வேலைதான். ஆனால் இது விஷம், சமையலறைப் பக்கமே போகக் கூடாது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 60 கிராம் கரைத்து, நன்றாகக் கழுவிய ஈர மரத்தில் பிரஷ்ஷால் ஒரே சீராகப் பூசினார்கள். அங்கங்கே மட்டும் பூசினால் திட்டுத் திட்டாகும். இருபது நிமிடத்தில் கருப்பு விலகியது. மரத்தில் மிச்சமிருந்த காரத்தையும் அந்தப் புளிப்பு முறித்துவிடும். பிறகு இரண்டு தடவை நல்ல தண்ணீரில் கழுவினார்கள். மோட்டார் குழாயை வைத்துப் பீய்ச்சவில்லை, அது மரத்தின் நாரைக் கிளப்பிவிடும்.

மறுநாள் காலையில் தூண்கள் மஞ்சளாக நின்றன. "அட, பலா!" என்றார் ஆசாரி. அப்போதுதான் பெரியவருக்கு ஞாபகம் வந்தது. கொல்லையில் நின்ற பலாவை அவருடைய அப்பா வெட்டியதும், அந்தக் குழியில் பல வருடம் மழைத்தண்ணீர் தேங்கியதும். அது தூணாகத்தான் நிற்கிறது என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. கதவு நல்ல தேக்கு.

சாதா மரம் என்று சொன்ன வியாபாரியை மூத்தவர் திருப்பூரிலிருந்து போனில் பேசி மறுபடி வரச் சொன்னார். வந்தவர் இந்தத் தடவை விலையை 45,000 ஆக்கினார். பெயின்ட்டோடு பழைய மரத்தை விற்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தையாவது கவனிக்க வேண்டும். ஒரு மூலையில் கொஞ்சம் சுரண்டிப் பார்க்காமல் விலை பேசுவது, மூட்டையைப் பிரிக்காமல் நெல்லை விற்பது போலத்தான்.

விலை ஏறியதும் வீட்டில் சிக்கலும் ஏறியது. மூத்தவருக்கு இப்போது 22,500 வர வேண்டும். முடிவு ஆகாமலேயே வேலை தொடர்ந்தது. திறந்த மரத்தை அப்படியே வெயிலில் விட முடியாது அல்லவா? முதலில் தகரத்தில் ஒரு சாய்ப்பு இறக்கினார்கள். தலைக்கு மேல் மறைப்பு இல்லாமல் எந்த எண்ணெயும் நிலைக்காது. ஆசாரி மேலத் தூணின் அடியை அறுத்து, வேறு வீட்டில் இடித்த பலா விட்டத்தில் ஒரு துண்டு வாங்கி வந்து ஒட்டினார். நான்கு நாள் நிழலில் காயவிட்டார்கள். தண்ணீர் தெளித்துப் பார்த்தால் முத்தாக உருண்டு நிற்காமல் உள்ளே இழுக்க வேண்டும். அப்போதுதான் எண்ணெயையும் இழுக்கும்.

எண்ணெய் என்றதும் பெரியவர் வேப்பெண்ணெயை எடுத்து வந்தார். பூச்சி அண்டாது என்பது சரிதான், ஆனால் வேப்பெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் காய்ந்து இறுகுகிறவை அல்ல. பிசுபிசுப்பாகவே இருந்து தூசி பிடிக்கும். வண்டிக்கு எஞ்சின் கழிவு எண்ணெய் தடவுகிற பழக்கமும் உண்டு. கை படும், குழந்தை சாயும் தூணுக்கு அது கூடவே கூடாது. காய்ந்து மரத்தோடு சேர்வது ஆளி விதை எண்ணெய். கடையில் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் என்று கேட்க வேண்டும். பச்சை எண்ணெய் காய நாள் கணக்கில் ஆகும், பூஞ்சணமும் பிடிக்கும். முதல் பூச்சுக்குப் பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்தார்கள். கொஞ்சம் செங்காவிப் பொடியும் சேர்த்தார்கள். நிறமில்லாத எண்ணெய் தண்ணீரைத் தடுக்குமே தவிர வெயிலைத் தடுக்காது. நிறப்பொடிதான் மரத்துக்குக் குடை. பூசி இருபது நிமிடம் கழித்து, மரம் குடிக்காமல் மேலே நின்றதைத் துணியால் சுத்தமாகத் துடைத்தார்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் இரண்டு நாள் விட்டு மூன்று பூச்சு. வெட்டுமுகங்களுக்கு மட்டும் குடிக்கக் குடிக்கக் கொடுத்தார்கள்.

இரண்டாம் பூச்சு அன்றைக்குத்தான் அந்தப் பயம் நடந்தது. துடைத்த துணிகளை இளையவர் சுருட்டி, வைக்கோல் போட்டிருந்த கொட்டகை மூலையில் வைத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார். சாயங்காலம் மாட்டுக்கு வைக்கோல் உருவப் போன மனைவிக்கு ஒரு தீய்ந்த வாடை. துணிச் சுருட்டைத் தொட்டால் கை சுட்டது. வாளித் தண்ணீரில் அமுக்கிவிட்டுத்தான் கூப்பாடு போட்டார். யாரும் நெருப்பு வைக்கவில்லை. ஆளி விதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு வரும். விரித்துப் போட்ட துணியில் அந்தச் சூடு போய்விடும். சுருட்டி வைத்தால் போக்கிடம் இல்லாமல் ஏறி ஏறித் தானே பற்றிக்கொள்ளும். அரை மணி தாமதித்திருந்தால் வைக்கோலோடு இரண்டு மாடும் போயிருக்கும். எண்ணெய்த் துணியைத் தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும், அல்லது வெட்டவெளியில் ஒற்றையாக விரித்துக் காயவிட வேண்டும். டப்பாவின் மேல் இந்த எச்சரிக்கை இருந்தாலும் பொடி எழுத்தில் யார் படிக்கிறார்கள்?

வேலை முழுதாக முடிய மூன்று வாரம் ஆனது. மாசியில் மூத்தவர் குடும்பத்தோடு வந்தார். திண்ணையில் வெகுநேரம் தூணைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார். ஆனாலும் கட்டணம் கட்டணம்தானே. இந்த முறை இளையவரே பேசினார். "அண்ணே, வியாபாரி சொன்ன விலையில உன் பாதியை நான் தர்றேன். மொத்தமா இல்லை. புயலுக்குத் தப்பின மரத்துல வெட்டுக்கு நாலாயிரத்து ஐந்நூறு எடுத்து வைக்க முடியும். அஞ்சு வெட்டு."

மூத்தவர் அப்பாவைப் பார்த்தார். பெரியவர், "நாப்பத்தஞ்சு நாளைக்கு ஒரு வெட்டு. கணக்குப் பார்த்துக்க" என்றார். ஒரு நோட்டில் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். மருமகள் கையெழுத்தையும் மூத்தவர் கேட்டு வாங்கினார். முதல் பருவக் கட்டணத்துக்குப் போதாத பணத்தை அவர் திருப்பூரில் சீட்டு எடுத்துச் சமாளித்துக்கொண்டார்.

நான்கு தூணுக்கும் கதவுக்கும் சேர்த்து எண்ணெய் இரண்டரை லிட்டர் செலவானது. கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மேற்கே பார்த்த தூணில் வெயில் அதிகம் என்பதால் ஐப்பசி மழைக்கு முன் அதற்கு மட்டும் இன்னொரு பூச்சு கொடுக்க வேண்டும். இனி உரிக்கவோ சுரண்டவோ வேண்டியதில்லை, கழுவிக் காயவைத்து எண்ணெய் தடவினால் போதும். வருடத்துக்கு ஒரு நாள் வேலை. கொல்லைக் கதவில் இன்னும் பழைய பச்சைப் பெயின்ட்தான். இரண்டாவது வெட்டுக்குப் பிறகு அதைத் தொடலாம் என்றிருக்கிறார்கள்.