உடுமலையிலிருந்து ஒரே பகலில்

விடுப்புக் கிடைத்தால் ஊருக்குப் போய் உண்டு உறங்கித் திரும்புவதே மும்பைத் தமிழர் வழக்கம். சென்ற ஆடி மாதம் கிடைத்த பன்னிரண்டு நாள் விடுப்பில் மூன்று நாட்களை நாம் சைக்கிள் மிதிப்பதில் கழித்தோம் என்று சொன்னபோது சங்கத்து அன்பர்கள் நகைத்தனர். கியர் இல்லாத பழைய சைக்கிள் என்றதும் நகைப்பு இன்னும் பெருகிற்று. இரண்டொருவர் மட்டும் வழி விவரம் கேட்டனர். அவர்கள் பொருட்டே இதை எழுதப் புகுந்தோம். எழுதத் தொடங்கிய பின்னர் வழியைத் தவிர வேறொன்றையும் சொல்ல வேண்டியதாயிற்று.

நாம் பிறந்தது மூணாறு மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். தந்தையார் பிறந்தது உடுமலைப்பேட்டைக்கு அருகே ஒரு சிற்றூர். பாட்டி உயிரோடிருந்த வரையில் ஆடியிலும் தையிலும் அவர் சைக்கிளில் இறங்கிச் சென்று தம் தாயைப் பார்த்து வருவார். போவது இறக்கம், அதில் வியப்பொன்றும் இல்லை. திரும்புவதுதான் வியப்பு. “விடியற்காலை நான்கு மணிக்கு உடுமலையில் பெடலில் கால் வைத்தேன், பகல் இரண்டு மணிக்கு நம் வாசலில் இறங்கினேன்” என்பார். கேரியரில் கம்பு மூட்டையும் இருக்கும். லயத்தார் அதைக் கேட்டு மகிழ்வர்.

ஒன்பதாம் வகுப்பில் காலமும் வேகமும் பற்றிய கணக்குகளைக் கற்றபோது நமக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு நாள் மாலை, அண்டை வீட்டார் கூடியிருந்த வேளையில், காகிதமும் பென்சிலுமாக முன்னே வந்தோம். உடுமலையிலிருந்து சின்னாறு வரை 28 கிலோமீட்டர். மணிக்கு 12 வீதம் இரண்டேகால் மணிக்கு மேல். சின்னாற்றிலிருந்து மறையூர் வரை 16 கிலோமீட்டர் ஏற்றம். தள்ளிக்கொண்டு நடந்தால் 4 மணி. மறையூரிலிருந்து நம் தோட்டம் 35 கிலோமீட்டர். மிதித்தும் தள்ளியும் 7 மணி. ஆக, சோறு தின்னாமல் வந்தாலும் 13 மணிக்கு மேல் ஆகும். பத்து மணியில் வருவது எங்ஙனம்? “அப்பா சைக்கிளை பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்” என்று முடிவும் கூறினோம். எல்லாரும் சிரித்தார்கள். தந்தையார் சிரிக்கவில்லை. அடுப்பருகே இருந்த தாயாரை ஒரு கணம் பார்த்தார். பிறகு எழுந்து போய்ச் சைக்கிளைத் துடைக்கலானார். அதன்பின் அந்தக் கதையை அவர் சொல்லி நாம் கேட்டதில்லை. 2016ஆம் ஆண்டில் அவர் காலமானார். அந்தக் காகிதத்தைப் பற்றி மன்னிப்பாக ஒரு வார்த்தை சொல்ல நமக்கு வாய்க்கவேயில்லை.

இவ்வழியை மிதித்துப் பார்க்க வேண்டுமென்ற அவா எழுந்தது இதனால்தான். பாலக்காட்டில் நம் மைத்துனர் வேலையாயிருக்கிறார். அவரிடம் கியர் வைத்த புது சைக்கிள் உண்டு. நாமோ பால்காரர் ஒருவரிடம் கெட்டியான பழைய சைக்கிளை இரவல் வாங்கினோம். “இதிலா அத்தான், மலை ஏறப் போகிறீர்கள்?” என்று அவர் பரிதாபப்பட்டார். “எங்கள் அப்பா ஏறியது இந்த மாதிரியில்தான், மாப்பிள்ளை” என்றோம்.

பாலக்காட்டுக் கணவாய் என்பது மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு இயற்கை விட்ட இடைவெளி. ஆடியில் மேல்காற்று அதன் வழியே புகுந்து கிழக்கே ஓடுகிறது. கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கு 45 கிலோமீட்டர். அன்று நாம் மிதித்தது பாதி, காற்று தள்ளியது பாதி. பனைமரங்களும் கடைப் பலகைகளில் இரு மொழி எழுத்துக்களுமாக, எல்லை எங்கே முடிந்தது என்று தெரியாமலே தமிழ்நாட்டுக்குள் வந்துவிட்டோம். 1956 வரை பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது என்பதை அன்பர்கள் அறிவர். இந்தச் சாலைக்குத் துணையாக ரயிலும் உண்டு. மீட்டர் கேஜாக இருந்த அப்பாதை 2015ல் அகலப் பாதையாயிற்று. பொள்ளாச்சியிலிருந்து உடுமலை மேலும் 30 கிலோமீட்டர். காற்றாலைகள் சுழல்வதைப் பார்த்துக்கொண்டே மாலைக்குள் சேர்ந்தோம். இவ்வழியை எதிர்த்திசையில் ஆடியில் மிதிக்க எண்ணுபவர் அந்த எண்ணத்தைக் கைவிடுவது நலம்.

மறுநாள் விடியுமுன் உடுமலையை விட்டோம். அமராவதி அணைக்குப் பிரியும் சாலையைக் கடந்து ஒன்பதாறு சோதனைச் சாவடியை அடைந்ததும் காடு தொடங்குகிறது. காவலர் நம் சைக்கிளை மேலும் கீழும் நோக்கி, யானை நடமாட்டம் உண்டென்றும், எங்கும் இறங்கி நிற்க வேண்டாமென்றும், இருட்டுமுன் மறையூர் சேர்ந்துவிட வேண்டுமென்றும் எச்சரித்தார்.

காடு என்றதும் அடர்ந்த சோலையை எண்ணிவிடலாகாது. உடைமரமும் கள்ளியும் காய்ந்த புல்லும் கரும்பாறையுமே கண்ணுக்கெட்டிய மட்டும். மலையும் காடும் மழையற்று வறண்டால் அதுவே பாலை என்று பள்ளியில் தமிழாசிரியர் கற்பித்தது நினைவுக்கு வந்தது. மேற்கே ஆனைமுடி 2,695 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. அரபிக்கடலிலிருந்து வரும் மேகங்கள் அம்மலைத் தொடரின் மேற்குச் சரிவில் தம் சுமையை இறக்கிவிட்டு, இப்பக்கம் வெறுங்கையோடு வருகின்றன. கேரளம் முழுவதும் நனைந்து கிடக்கும் ஆடியில் சின்னாற்றில் புழுதி பறக்கிறது. நட்சத்திர ஆமையும் சாம்பல் நிற மலை அணிலும் வாழும் இக்காடு 1984 முதல் சரணாலயம். பாம்பாறு மட்டும் மேலேயிருந்து மழைநீரைக் கொண்டுவந்து அமராவதிக்குக் கொடுக்கிறது. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் ஆறுகள் மூன்றே. அவற்றில் இது ஒன்று. உடுமலைப் பக்கத்து வயல்கள் உண்பது நம் மலையின் மழையைத்தான்.

சின்னாற்றுப் பாலம் கடந்ததும் ஏற்றம். முதல் இரண்டு வளைவுகளை வீராப்பாக மிதித்தோம். மூன்றாவதில் இறங்கினோம். பிறகு நாமும் சைக்கிளும் இரு கிழவர்கள்போல் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நடந்தோம். மைத்துனர் முன்னே சென்று வளைவுதோறும் காத்து நின்றார். போதாக்குறைக்கு உடைமுள் ஒன்று பின் டயரில் ஏறிற்று. காவலர் நிற்கவேண்டாம் என்று சொன்ன இடத்திலேயே நின்று, டியூபை உருவி, தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஒட்டுப் போட்டோம். காய்ந்த யானை லத்தி பக்கத்திலேயே கிடந்தது. பஞ்சர் ஒட்டுவதில் நம் மைத்துனர் அன்று காட்டிய வேகத்தை வேறெங்கும் கண்டதில்லை.

மறையூர் சேர்ந்தபோது மாலை நான்கு மணி. கால்கள் நம்முடையவை என்று தோன்றவில்லை. அங்கேயே நமக்கு ஒன்று தெளிவாயிற்று: நம் ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் பிழையில்லை. இன்னும் 35 கிலோமீட்டர் ஏற்றத்தை அதே நாளில், மூட்டையோடு, எவராலும் கடந்திருக்க இயலாது. கணக்கு சரியென்று கண்டும் மனத்தில் மகிழ்ச்சி உண்டாகவில்லை.

மறையூரில் நம் தந்தையாரின் தமக்கை இருக்கிறார். அவர் மகளின் பூப்பு நீராட்டில் தாய்மாமன் சீர் போதவில்லை என்று சபையில் ஒரு வார்த்தை விழுந்தது. நம் தாயார் இலையில் அமராமலே எழுந்து வந்தார். நமக்கு அப்போது ஆறு வயது. அன்று முதல் இரு வீட்டுக்கும் போக்குவரத்தில்லை. விடுதி தேடும் சக்திகூட இல்லாத நிலையில் தேநீர்க் கடையில் விசாரித்தோம். கரும்புக் காட்டை ஒட்டி, வெல்லம் காய்ச்சும் கொட்டகைக்குப் பின்னால் வீடு. (மறையூர் வெல்லம் 2019ல் புவிசார் குறியீடு பெற்றது, அங்கே செல்பவர் வாங்காமல் வரலாகாது.)

அத்தை நம்மை அறிந்துகொள்ளச் சற்று நேரம் பிடித்தது. அறிந்ததும் முதலில் பார்த்தது நம் முகத்தையல்ல, சைக்கிளை. “உங்கப்பனும் இப்படித்தான் தள்ளிக்கொண்டு வருவான், கண்ணு. இந்தத் திண்ணையில்தான் படுப்பான்” என்றார்.

நமக்குச் சிறிது நேரம் பேச்சு எழவில்லை. ஆடியிலும் தையிலும், பிணக்கு நேர்ந்த பிறகும், ஒவ்வொரு முறையும் அவர் ஓரிரவு இங்கே தங்கியிருக்கிறார். உடுமலையில் முதல் நாள் புறப்பட்டு, மறையூரில் உறங்கி, விடிந்ததும் கிளம்பி, பகல் இரண்டு மணிக்கு வீடு. வீட்டில் சொன்னதோ ஒரே பகல். அந்தப் பொய்யில் வீரப்பிரதாபம் இருந்ததாக நாம் நினைத்தோம். அவர் மறைத்தது தமக்கை வீட்டு ஓரிரவை. அதைத்தான் நாம் காகிதத்தில் மணி மணியாகக் கூட்டி, தாயார் காதில் விழும்படி உரக்கப் படித்தோம். பஸ் கூரை என்று முடித்தோமே, அந்த மடமைதான் அன்று அவரைக் காப்பாற்றியிருக்க வேண்டும்.

இரவில் அத்தை நம் அழுக்கு வேட்டியைத் துவைத்துக் கொடியில் போட்டார். வேண்டாமென்றாலும் கேட்கவில்லை. அந்த வறண்ட காற்றில் விடிவதற்குள் அது மொடமொடவென்று காய்ந்துவிட்டது. மடித்துக் கொடுக்கும்போது, “உன் அம்மாவிடம் இதெல்லாம் சொல்லாதே. என் தம்பி சொல்லாததை நீ சொல்ல வேண்டாம்” என்றார்.

மூன்றாம் நாளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நாள் முழுவதும் மழை. மறையூரில் சந்தனக் காட்டு வேலியோரம் வெயில். தலையாறு தாண்டியதும் சாரல். லக்கம் அருவியருகே பேரிரைச்சல். பத்து கிலோமீட்டருக்குள் இரு வேறு தேசங்கள். இராஜமலைப் பிரிவில் சைக்கிளை நிறுத்திச் சற்று நின்றோம். அதற்கப்பால்தான் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு மலை சரிந்து லயங்களை மூடியதில் 70 உயிர்கள் போயின. பெரும்பாலும் நம் தமிழ்க் குடும்பங்கள். மழையில் நின்று அதை நினைப்பது வேறு, மும்பையில் செய்தித்தாளில் படிப்பது வேறு.

தோட்டத்து லயம், நாம் பிறந்த வீடு, அப்படியே இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்து வீட்டை விட்டுவிட வேண்டும் என்பது தோட்டங்களின் விதி. நம் தந்தையாரும் அப்படி விட்டு வந்தவரே. இப்போது அங்கே குடியிருப்பது ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்த ஒரு குடும்பம். அந்த அம்மாளுக்குத் தமிழ் வராது. மும்பையில் கற்ற இந்தியில், “நாங்கள் இந்த வீட்டில்தான் பிறந்தோம்” என்று நம் வீட்டு வாசலில் நின்று நாமே எடுத்துரைக்க வேண்டியிருந்தது. அவர் நம்பினாரோ என்னவோ, கட்டஞ்சாயா கொடுத்தார். பின்புறத்துச் சவ்சவ் கொடியிலிருந்து நான்கு காய்களையும் பறித்துத் தந்தார்.

ரயில்வே ஊழியன் மூணாறு வரை போய் அங்கிருந்த ரயிலைச் சொல்லாமல் விட்டால் சக ஊழியர்கள் மன்னிக்கமாட்டார்கள். 1902ல் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908ல் குறும்பாதை ரயிலாகி, மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குத் தேயிலை சுமந்தது குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில். 1924ன் பெருவெள்ளம் அதை அடியோடு கொண்டுபோயிற்று. பெயரில் மட்டும் ஸ்டேஷன் எஞ்சியிருக்கிறது.

மும்பை திரும்பியதும் தாயார் பையைப் பிரித்தார். சவ்சவ்வைக் கண்டு மகிழ்ந்தார். மறையூரில் எங்கே தங்கினாய் என்று கேட்டதற்கு, விடுதியில் என்றோம். பையில் இருந்ததெல்லாம் மூணாற்று மழையில் ஊறி நாறிக்கொண்டிருந்தது. அடியில், பிளாஸ்டிக் உறைக்குள், அந்த ஒரு வேட்டி மட்டும் கரை உள்ளே போகும்படி மடித்தபடி இருந்தது. அதைக் கையில் எடுத்துத் தாயார் வெகுநேரம் பார்த்தார்.

“ஆடி மாதத்தில் நம் மலையில் எந்த வேட்டி காய்ந்தது?” என்றார். “அவர் பையிலும் இப்படித்தான் இருக்கும், கரையை உள்ளே வைத்து.”

நாம் ஒன்றும் சொல்லவில்லை.

“உன் அத்தைக்கு உடம்பு எப்படி?”

“மூட்டுவலிதான் அதிகம். மற்றபடி சௌகரியம்” என்றோம்.

தாயார் அந்த வேட்டியைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்துவிட்டு, சவ்சவ்வை நறுக்க உட்கார்ந்தார்.