திருடப் போன வீட்டில் இன்னொரு திருடன்

கம்ப்யூட்டர் கம்பெனி பிறந்த கதையைச் சொல்லும் படம் என்றதும் பலருக்கு 'தி சோஷியல் நெட்வொர்க்' தான் ஞாபகம் வரும். அதற்குப் பதினோரு வருடம் முன்பே, 1999 ஜூனில், டி.என்.டி. என்ற அமெரிக்கக் கேபிள் சேனலில் ஒரு படம் வந்தது. பெயர் 'பைரேட்ஸ் ஆஃப் சிலிகான் வேலி'. இயக்கம் மார்டின் பர்க். ஸ்டீவ் ஜாப்ஸாக நோவா வைல், பில் கேட்ஸாக ஆன்டனி மைக்கேல் ஹால். டி.வி. படம்தானே என்று ஒதுக்கிவிட முடியாது. ஜாப்ஸைப் பற்றி 2013லும் 2015லும் வந்த பெரிய பட்ஜெட் படங்களை விட இதில் ஆட்கள் ஆட்களாகவே இருக்கிறார்கள். குணச்சித்திரங்கள் சரியாக வந்திருக்கின்றன என்று ஸ்டீவ் வாஸ்னியாக்கே சொல்லியிருக்கிறார்.

பைரேட்ஸ் என்றால் கடற்கொள்ளையர்கள். 1983ல் மெக்கின்டாஷ் குழுவினர் தங்கள் கட்டடத்தின் மேல் மண்டையோட்டுக் கொடி ஏற்றிய கதை பிரபலமானது. படத்தின் வாதமும் இந்தப் பெயரிலேயே இருக்கிறது. இரண்டு பேருமே கொள்ளைக்காரர்கள், முந்திக்கொண்டவன் யார் என்பதுதான் கேள்வி!

படத்தில் மிகச் சிறந்த காட்சி, ஐ.பி.எம். ஆட்களுக்கு முன்னால் கேட்ஸ் உட்கார்ந்திருக்கும் காட்சி. போகிற வழியில் டை இல்லையே என்று ஞாபகம் வந்து, எப்படியோ ஒரு டையைத் தேடிப் பிடித்துக் கட்டிக்கொண்டு போகிறார். எதிரே வரிசையாகக் கோட்டு சூட்டு. அவர்களுக்கு வேண்டியது ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம். கேட்ஸ் கையில் அது இல்லை. ஆனால் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் விற்கிறார். அந்த இடத்தில் ஸ்டீவ் பால்மர் கேமராவைப் பார்த்து நேராகப் பேச ஆரம்பிப்பது நல்ல குறும்பு. அதற்குப் பிறகுதான் சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்ற சின்னக் கம்பெனியிடம் போகிறார்கள். டிம் பேட்டர்சன் எழுதிய சிஸ்டத்தின் முழு உரிமையும் 1981 ஜூலையில் 50,000 டாலருக்குக் கைமாறியது. பின்னால் இருப்பது ஐ.பி.எம். என்று விற்றவர்களுக்குச் சொல்லவில்லை. இது திருட்டா? சட்டப்படி இல்லை. ஆனால் பிற்பாடு அந்தக் கம்பெனி வழக்குப் போட்டு, மைக்ரோசாஃப்ட் 1986ல் சுமார் 9 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. ஐ.பி.எம். செய்த தப்பு இன்னும் பெரியது. அதே சாஃப்ட்வேரை மற்றவர்களுக்கும் விற்றுக்கொள்ளும் உரிமையைக் கேட்ஸிடமே விட்டுவிட்டது. லாபம் இயந்திரத்தில்தான் இருக்கிறது என்று அவர்கள் நம்பினார்கள்.

அடுத்தது ஜெராக்ஸ் விவகாரம். (காப்பி எடுப்பதற்கே நம்மூரில் 'ஜெராக்ஸ் எடுப்பது' என்றுதான் பெயர். எல்லோரும் காப்பி அடித்தது அந்த வீட்டிலிருந்துதான் என்பது தற்செயல்தான், ஆனாலும் ரசிக்கலாம்!) மவுஸ், ஜன்னல்கள், சின்னச் சின்னப் படங்கள் எல்லாம் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் எழுபதுகளிலேயே ஓடிக்கொண்டிருந்தன. 1979 டிசம்பரில் ஜாப்ஸ் தன் ஆட்களோடு அங்கே போய்ப் பார்க்கிறார். காட்டவே கூடாது என்று ஆய்வகத்திலிருந்த அடெல் கோல்ட்பர்க் மணிக்கணக்கில் வாதாடினார். மேலிடத்து உத்தரவு வந்ததால் காட்ட வேண்டியதாயிற்று.

படம் இதைக் கொள்ளை என்று காட்டுகிறது. இங்கேதான் படத்தோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. ஜாப்ஸ் பின்வாசல் வழியாகப் போகவில்லை. ஆப்பிளின் 1,00,000 பங்குகளை 10 லட்சம் டாலருக்கு வாங்க ஜெராக்ஸுக்கு அனுமதி கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகத்தான் உள்ளே போனார். 1980 டிசம்பரில் ஆப்பிள் சந்தைக்கு வந்தபோது அந்தப் பங்குகளின் மதிப்பு 1 கோடியே 76 லட்சம் டாலர். ஆக, ஜெராக்ஸ் ஏமாந்தது பணத்தில் அல்ல. தன் வீட்டில் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரியவில்லை. இந்த விவரத்தைச் சொன்னால் தலைப்பு கொஞ்சம் ஆட்டம் காணும் என்பதால் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

அந்த வெற்றிடத்தை மறைப்பது கடைசியில் வரும் சண்டைக் காட்சி. விண்டோஸைப் பார்த்துவிட்டு, எங்களிடமிருந்து திருடிவிட்டாய் என்று ஜாப்ஸ் கத்துகிறார். கேட்ஸ் குரலை உயர்த்தவே இல்லை. நம் இரண்டு பேருக்கும் ஒரு பணக்காரப் பக்கத்து வீட்டுக்காரர், டி.வி.யைத் தூக்கலாம் என்று நான் போனால் நீ ஏற்கெனவே தூக்கிவிட்டாய் என்கிற ரீதியில் பதில் சொல்கிறார். 1983ல் உண்மையிலேயே இப்படி ஒரு பதில் சொன்னதாக மெக்கின்டாஷ் குழுவின் ஆன்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் எழுதியிருக்கிறார். 1988ல் ஆப்பிள் மைக்ரோசாஃப்ட் மேல் வழக்குப் போட்டுத் தோற்றது. 1989ல் ஜெராக்ஸ் ஆப்பிள் மேல் போட்டது, அதுவும் நிற்கவில்லை.

படம் 1997ல் முடிகிறது. பாஸ்டன் மேடையில் ஜாப்ஸ், பின்னால் ராட்சதத் திரையில் கேட்ஸின் முகம். ஆப்பிளில் மைக்ரோசாஃப்ட் 15 கோடி டாலர் போடுகிறது. ஜெயித்தது யார் என்று 1999ல் படம் பார்த்தவர்களுக்குச் சந்தேகமே இருந்திருக்காது. 2010 மே மாதம் சந்தை மதிப்பில் ஆப்பிள் மைக்ரோசாஃப்டைத் தாண்டியது. முடிவை இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடம் தள்ளிப் போட்டிருந்தால் படமே வேறு!

ஆனால் இந்தக் கொள்ளைக்காரர்கள் பட்டியலில் சேராத ஒருவர்தான் படத்தில் மனதில் நிற்கிறார். ஜோயி ஸ்லாட்னிக் நடித்த வாஸ்னியாக். கம்ப்யூட்டரைச் செய்தவர் அவர்தான். அதை முதலில் தான் வேலை பார்த்த ஹெச்.பி.யிடம் நேர்மையாகக் கொண்டுபோய்க் காட்டி, வேண்டாம் என்ற பிறகுதான் ஆப்பிள். நிஜத்தில் ஜாப்ஸோடு இந்தியா வரை வந்த நண்பர் டேனியல் காட்கேவுக்கு ஜாப்ஸ் ஒரு பங்குகூடத் தரவில்லை. தன் பங்கிலிருந்து எடுத்துக் கொடுத்தவர் வாஸ்னியாக்.

இன்னொன்று, லிசா. 1978ல் பிறந்த குழந்தையைத் தன்னுடையது இல்லை என்று மறுத்துக்கொண்டே, கட்டிக்கொண்டிருந்த கம்ப்யூட்டருக்கு அந்தப் பெயரையே வைக்கிறார் ஜாப்ஸ். படம் இதைத் தயங்காமல் காட்டுகிறது. வைலின் நடிப்பில் அந்த இடங்களில்தான் கோபம் வருகிறது, திருட்டுக் காட்சிகளில் அல்ல. லிசா என்பது ஏதோ தொழில்நுட்பச் சொற்களின் சுருக்கம் என்று ஆப்பிள் வெளியே சொல்லிவந்தது. மகளுக்கும் அப்பா வெகு காலம் ஒப்புக்கொள்ளவில்லை. பாடகர் போனோவின் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவர் கேட்டதற்குத்தான் ஜாப்ஸ் ஆமாம் என்று சொன்னாராம். லிசா 2018ல் எழுதிய புத்தகத்தில் இது இருக்கிறது. அப்போது அவருக்கு வயது 27.